நாற்பது வழிகள்: வாசகர் கேள்விகள்

கே: கட்சியை உடைப்பவர், கடைசி நாளில் கூட்டணி மாறுபவர் எல்லாரையும் ‘நவீன சாணக்கியர்’ என்கிறார்கள். அசல் சாணக்கியர் இன்றைய அரசியலுக்கு உதவுவாரா?
– வாசகர், கும்பகோணம்

ப: கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். சாணக்கியர் எழுதியதாகச் சொல்லப்படும் ஆட்சிக்கலை நூல் அர்த்தசாஸ்திரம். யார் கண்ணிலும் படாமல் கிடந்த அதன் சுவடியை 1905-இல் மைசூர் நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர். நூலகர் ஷாமசாஸ்திரி 1909-இல் அதை அச்சேற்றினார்.

கட்சி உடைப்பவர்களுக்கு அதில் சரக்கு உண்டு. 11ஆம் அதிகரணமே (அதாவது பகுதியே) ஒற்றுமையாக இருக்கும் கூட்டத்தில் கலகம் மூட்டும் வித்தைதான். இந்த நூலின் பக்கத்தில் வைத்தால், இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் ‘இளவரசன்’ நூலே சாது என்றார் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். ஆனால் நூலின் 15 அதிகரணங்களில் மிக நீளமானது இரண்டாவது. அது சுங்கம், எடைக்கல், நெசவு, கணக்கு என்று அலுவலகம் நடத்துவதைப் பற்றியது. தாலுகா அலுவலகத்தில் 11 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், எனக்குப் பிடித்த சாணக்கியர் இவர்தான்.

அரசுப் பணத்தைச் சுருட்ட 40 வழிகள் என்று பட்டியல் போடுகிறார். வசூலித்ததை வரவு வைக்காதது, கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுவது... படிக்கப் படிக்கத் தெரிந்த முகங்களாக வந்து நின்றன. நாக்கில் வைத்த தேனைச் சுவைக்காமல் இருக்க முடியாது, நீருக்குள் மீன் தண்ணீர் குடிப்பதைக் கண்டுபிடிக்கவும் முடியாது என்று சலித்துக்கொள்கிறார். அதோடு விடவில்லை. ஒரு துறைக்குப் பல தலைவர்களைப் போடு, யாரையும் நிரந்தரமாக வைக்காதே என்கிறார்.

அதே அதிகரணத்தில் நெசவுத் துறைக்கும் விதி உண்டு. நூல் நூற்கும் பெண்கள் விடியற்காலையில் நூலைக் கொடுத்துக் கூலி வாங்க வருவார்கள். நூலைப் பார்க்கும் அளவுக்குத்தான் விளக்கு எரிய வேண்டும். அதிகாரி அவர்கள் முகத்தைப் பார்த்தால் முதல்நிலை அபராதம். கூலியை இழுத்தடித்தால் நடுநிலை அபராதம், அதாவது அதைவிடப் பெரியது! 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் 15 நாளுக்குள் கூலி தரவேண்டும் என்றபோது எனக்கு இந்த விளக்குதான் ஞாபகம் வந்தது. ‘நவீன சாணக்கியர்’ பட்டம் கொடுப்பதாக இருந்தால், கூலி பாக்கி வைக்காத அமைச்சருக்குக் கொடுங்கள்.

கே: அப்படியானால் அரசியல்வாதிகளுக்கு அதையே பாடமாக வைத்துவிடலாமே?
– வாசகி, சேலம்

ப: வேண்டாம் அம்மா. ஒரே குற்றத்துக்கு வருணம் பார்த்துத் தண்டனை சொல்கிற நூல் அது. சாமியார் வேஷத்தில் ஒற்றர்களை உலவவிடச் சொல்கிறது. குடிகளின் சுகமே அரசனின் சுகம் என்கிறதே தவிர, சுகம் கிடைக்காவிட்டால் ஓட்டுப் போட்டு அவனை இறக்க குடிகளுக்கு வழி சொல்லவில்லை. அந்த வழி நமக்கு அரசியல் சாசனத்தில்தான் கிடைத்தது.

அப்புறம், என் மைத்துனர் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ‘சாணக்கியர் சொன்னது’ அனுப்புகிறார். பாதி வாசகங்களை அர்த்தசாஸ்திரத்தில் தேடிச் சலித்துவிட்டேன். அந்த 40 வழிகளை நாளைக்கு ஒன்றாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.