6961 என்பது எந்த ஆண்டு?

கேள்வி: பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) கையெழுத்துப் பிரதி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் "6961, முதல் இண்டிக்ஷன், மே மாதம்" என்றிருக்கிறது. இதைக் கிறிஸ்தவ ஆண்டாக மாற்றுவது எப்படி?

பதில்: அது உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் கணக்கு. அவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பர் 1. எனவே ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையிலான தேதிக்கு 5508-ஐக் கழியுங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் 5509. உங்களுடையது மே மாதம், ஆக 1453. பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த அதே மாதம்!

மாதம் குறிப்பிடப்படாமல் இருந்தால் 1452/53 என்று சாய்கோடு போட்டு எழுதுவதே நேர்மை. பலர் கண்ணை மூடிக்கொண்டு 5508-ஐக் கழித்து ஓராண்டு சறுக்குகிறார்கள்.

இண்டிக்ஷன் என்பது 15 ஆண்டுச் சுற்று. எத்தனையாவது சுற்று என்று எழுத மாட்டார்கள், சுற்றுக்குள் எத்தனையாவது ஆண்டு என்பது மட்டும்தான். தனியாக அதற்குப் பயன் குறைவு, சரிபார்க்க அருமையான கருவி. 6961-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 1, பொருந்துகிறது. மீதி 0 வந்தால் அது 15-ஆவது ஆண்டு. பொருந்தாவிட்டால் முதலில் எண்ணை மறுபடி வாசியுங்கள். கிரேக்க எழுத்துகளே அங்கே எண்கள்: ஸ்டிக்மா 6000, சாம்பி 900, க்ஸி 60, ஆல்பா 1. மங்கிய மையில் ஒரு எழுத்து மாறினால் போதும்.

இன்னொரு பொறி: 9-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோஃபனீஸ் பின்பற்றுவது அலெக்சாந்திரியக் கணக்கு. அது இதிலிருந்து 16 ஆண்டு வேறுபடும். மேலே சொன்ன கழித்தல் அவரிடம் செல்லாது.