விறாந்தைக் கதிரையை யார் எடுத்தது?

கேள்வி: என் மகன் தரம் ஐந்தில் படிக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சைக்காகச் செவ்வாயும் வியாழனும் மாலையில் ஒரு சேர் வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் படிப்பிக்கிறார். மாதம் 12,000 ரூபாய். எங்கள் பகுதியில் பெயரெடுத்தவர். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அந்த இரண்டு நாளும் மூத்த மகளைக் கல்முனைக்கு விஞ்ஞான வகுப்புக்கு நான்தான் கூட்டிச் செல்ல வேண்டும். அம்மா விறாந்தையில் இருந்து இருமுவதும் பேச்சுக் கொடுப்பதும் குழப்பமாக இருக்கிறது என்று சேர் சொன்னதால், அந்த நேரத்தில் பின்வீட்டில் இருக்கும்படி சொல்லியிருக்கிறேன். ஆறு மாதமாகியும் மாதிரிப் பரீட்சையில் மகன் 118 புள்ளியிலிருந்து 121க்குத்தான் வந்திருக்கிறான். சேரை மாற்றுவதா, வகுப்பை இன்னொரு நாள் கூட்டுவதா?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, 118, 121, 12,000 என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதியிருக்கிறீர்கள். எண்ணாமல் விட்ட ஒன்று இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் அந்த இரண்டு மணித்தியாலத்தில் உங்கள் வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர்? கணவர் கட்டாரில். நீங்கள் கல்முனையில். அம்மா பின்வீட்டில். மிச்சம் அந்தச் சேர் ஒருவர்தான். பத்து வயதுப் பிள்ளையை ஒரு வெளி ஆளோடு தனியே விட்டுவிட்டு, அதை "அம்மா இருமுகிறார்" என்ற வரிக்குள் மடித்து வைத்து எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்த பிறகு புள்ளியைப் பற்றி முதலில் பேச எனக்கு மனம் வரவில்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவரைத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எவ்வளவு தெரியும்? "பெயரெடுத்தவர்" என்கிறீர்கள். எந்தப் பாடசாலையில் படிப்பிக்கிறார், என்ன பயிற்சி பெற்றவர், இதற்கு முன் யார் யார் வீட்டுக்குப் போனார், அந்தத் தாய்மார் யாரோடாவது நீங்கள் பேசினீர்களா? கடிதத்தில் ஒரு சொல் இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தால் ஏழு ஊர் விசாரிக்கிறோம். பிள்ளையோடு வாரத்தில் நான்கு மணித்தியாலம் இருக்கப்போகிறவரைப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்பதற்காகக் கூப்பிட்டுவிடுகிறோம். அடையாள அட்டையைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு.

வீட்டில் இருக்கும் ஒரே பெரியவரை அப்புறப்படுத்தும்படி ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார், நீங்களும் செய்துவிட்டீர்கள். கிழவியின் இருமல் உண்மையிலேயே அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் மேசையை இரண்டு பாகம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டிருக்கலாமே. அனுபவமுள்ள நல்ல ஆசிரியர் வீட்டுக்குள் வந்ததும் முதலில் கதவைத் திறந்து வைப்பார், ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் கதிரையைப் போடச் சொல்வார். அது பிள்ளைக்கு மட்டுமில்லை, அவருடைய பெயருக்கும் காவல் என்பது அவருக்குத் தெரியும். பாடசாலை வகுப்பென்றால் நாற்பது சோடிக் கண் இருக்கிறது. வீட்டில் ஒரு சோடிதான் இருந்தது, அதையும் பின்வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

பின்வீட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் தான் இருந்த கல்வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குகிறவள்தான் மட்டக்களப்புத் தாய். உங்கள் வீடும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். வீட்டையே விட்டுக்கொடுத்தவளுக்கு மிஞ்சியிருந்தது விறாந்தையில் ஒரு கதிரை. அதையும் மாதம் 12,000 வாங்குகிற ஒருவருக்காக எடுத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. அம்மம்மாவின் இடம் எது என்பதை உங்கள் மகனும் அந்த ஆறு மாதமாகப் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

சரி, புள்ளிக்கு வருவோம். இரண்டு வினாத்தாளுக்குமாக 200. அதில் 79 புள்ளியை அவன் எங்கே விடுகிறான்? நுண்ணறிவைப் பார்க்கும் முதலாம் தாளிலா, தமிழ், கணிதம், சுற்றாடல் என்று பாடங்கள் வரும் இரண்டாம் தாளிலா? கணக்குத் தெரியாமலா, நேரம் போதாமலா, கேள்வியை அவசரமாக வாசிப்பதாலா? ஆறு மாதம் தனியாக ஒரு பிள்ளையோடு இருந்தவர் இதை உங்களுக்கு ஒரு தாளில் எழுதித் தந்திருக்க வேண்டும். வகுப்பில் நாற்பது பேரைப் பார்க்கிறவருக்கு அது முடியாது என்பதால்தானே வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிறோம்? அவர் வந்து கடந்தகால வினாத்தாளைச் செய்யச் சொல்லிவிட்டு, கடைசி அரை மணித்தியாலத்தில் சரி பிழை போடுகிறார் என்றால், அதற்கு ஒரு மணிக்கூடும் விடைப் புத்தகமும் போதும். மகனின் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். விடைகள் யாருடைய கையெழுத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் இன்னொரு நாள் கூட்டுவது காசைக் கடலில் போடுவது. பிள்ளை பாடசாலை விட்டு வந்து எப்போது விளையாடுகிறான் என்றும் நீங்கள் எழுதவில்லை.

இரண்டாம் தாளில் தமிழ்தான் குறைகிறது என்றால், அதற்கு மருந்து உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலில் படிக்கிற பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அவர் "பேச்சுக் கொடுப்பதை" நீங்கள் குழப்பம் என்கிறீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல் வேறு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மகனோடு பேசுங்கள். சோறு போடும்போது, சும்மா கேட்பதுபோல: சேர் எங்கே இருப்பார், பகிடி விடுவாரா, அடிப்பாரா, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஏதாவது சொல்லியிருக்கிறாரா? பதிலுக்கு அவசரப்படாதீர்கள், மிரட்டவும் வேண்டாம். அவன் சொல்வதில் ஏதாவது உறுத்தினால் வகுப்பை அன்றைக்கே நிறுத்திவிட்டு 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலும் பேசலாம். உங்கள் ஊரிலேயே இருக்கிற பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஒன்றும் இல்லையென்றால், நல்லது. வரும் செவ்வாய்க்கிழமை மேசையை விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள். மகளை அன்றைக்கு ஒரு நாள் வேறு யாராவது கூட்டிப் போகட்டும், நீங்கள் வீட்டில் நில்லுங்கள். சேர் வந்ததும் தேத்தண்ணி கொடுத்து, இனி வகுப்பு இங்கேதான், அம்மாவும் இங்கேதான் இருப்பார் என்று சொல்லுங்கள். அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த 79 புள்ளியின் கணக்கைக் கேளுங்கள். முகம் மாறினால், மாற்றுவதா என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

அதற்கு முன், திங்கட்கிழமையே பின்வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டி வாருங்கள். "சேர் சொன்னபடியால்தான்" என்று பேச்சைத் தொடங்க வேண்டாம்.