அந்த மெயிலை அவர்களே அனுப்பட்டும்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் மேனேஜராக இருக்கிறேன். பயர் எனப்படும் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை. என் கீழே ஐந்து ஜூனியர்கள். ஐந்து பேருமே நன்றாகப் படித்த, பொறுப்பான பிள்ளைகள். ஆனால் எதற்கெடுத்தாலும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். "மேடம், இந்த மெயில் சரியான்னு பாருங்க", "பயர்கிட்ட நீங்களே பேசிடுங்க மேடம்" என்பதுதான் தினமும். தப்பாகப் போய்விடக் கூடாது என்று அவர்கள் எழுதும் மெயில்களை நானே திருத்தி என் ஐடியிலிருந்து அனுப்புகிறேன். வீடியோ காலில் பயர் ஒரு கேள்வி கேட்டால் ஐந்து பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். "உங்களால முடியும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இவர்களால் முடியாதோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. போன மாதம் எங்களுக்கு 'டிரான்ஸ்ஃபர்மேஷனல் லீடர்ஷிப்' என்று ஒரு நாள் பயிற்சி நடந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ஆபீஸில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இதற்கிடையே, ஐந்து பேரில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி "எனக்கு இது சரிப்பட்டு வராது மேடம்" என்று வேலையை விடப் பார்க்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புத் தோழிக்கு,

தைரியம் சொல்லியும் தைரியம் வரவில்லை என்கிறீர்கள். வாயால் சொல்லி வருகிற தைரியம் அவ்வளவுதான் நிற்கும். ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 'என்னால் இந்த வேலையைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்பது அவர் கணக்கு. தானே ஒரு வேலையைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இதில் மிகப் பலமானது முதலாவது. நீங்கள் இதுவரை நம்பியிருந்தது மூன்றாவதை மட்டும். அதே சமயம், மெயிலைத் திருத்தி உங்கள் ஐடியிலிருந்து அனுப்பும்போது முதலாவதை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிடுகிறீர்கள். "உன்னால முடியும்" என்று வாய் சொல்கிறது, "வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்று கை சொல்கிறது. பிள்ளைகள் கையைத்தான் நம்புவார்கள்.

கோபப்படாதீர்கள். உங்கள் தொழிலில் ஒரு தப்புக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். துணி தாமதமானால் ஷிப்மென்ட் தாமதம். ஷிப்மென்ட் தாமதமானால் கப்பலில் போக வேண்டிய சரக்கை நம் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டும். அதோடு அந்த ஆர்டரில் லாபம் போச்சு. இவ்வளவு தலைக்கு மேல் தொங்கும்போது எல்லாவற்றையும் தானே பார்ப்பதுதான் பத்திரம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எல்லாத் தப்பும் ஒரே விலை இல்லையே? அங்கிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும்.

லேப் டிப்பை, அதாவது நிறம் பார்க்கச் சாயமேற்றும் மாதிரித் துண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். பயர் கொடுத்த நிறத்துக்கு டையிங்கிலிருந்து (சாயப் பட்டறையிலிருந்து) ஏ, பி, சி என்று மூன்று சின்னத் துண்டுகள் வருகின்றன. ஜூனியர் அவற்றை, வெவ்வேறு விளக்கொளியில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிறாள், பிறகு உங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறாள். அனுபவமுள்ள கண், உங்களுக்கு இரண்டு நொடி போதும். "பி அனுப்பிடு" என்கிறீர்கள். வேலை முடிந்தது. அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: சந்தேகம் வந்தால் மேடத்திடம் போக வேண்டும். அதற்குப் பதிலாக, "உனக்கு எது சரியாத் தெரியுது? ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். "ஏ கொஞ்சம் சிவப்படிக்குது மேடம். சி நல்லாத்தான் இருக்கு, ஆனா கடை லைட்டுக்கு மாத்தினா நிறம் மாறுது. அதனால பி." இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நிமிடம் ஆகலாம். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் மெர்ச்சண்டைசர் ஆகிறாள். ஒருவேளை அவள் தேர்ந்தெடுத்தது தப்பாகவே இருந்து பயர் நிராகரித்தாலும், மறுபடி டிப் போடச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். அதே நிறத்தில் மொத்தத் துணியும் சாயமான பிறகு தெரிந்தால்தான் ஆபத்து. ஆகவே சாம்பிள் கட்டத்தில் அவர்கள் முடிவெடுக்கட்டும். சாயத்துக்கும் கட்டிங்குக்கும் அனுமதி கொடுக்கும் இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். இந்த எல்லைக் கோட்டை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். எங்கே தப்பு செய்யலாம் என்று தெரியாதவன்தான் எல்லாவற்றுக்கும் பயப்படுவான்.

நீங்கள் கேட்ட பயிற்சிக்கு வருகிறேன். இந்த 'டிரான்ஸ்ஃபர்மேஷனல்' தலைமையைப் பற்றி 1978ல் பேசியவர் ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு பலன் என்று கொடுக்கல் வாங்கலாக நடத்துவது ஒரு வகை, பின்னால் வருகிறவரையும் தலைவராக உயர்த்துவது இன்னொரு வகை என்று அவர் பிரித்தார். 1985ல் பெர்னார்ட் பாஸ் என்ற உளவியலாளர் அதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்தவர்கள் சொல்லும் நான்கு அம்சங்களைப் பயிற்சியில் திரையில் போட்டுக் காட்டியிருப்பார்கள்: தலைவர் தானே முன்மாதிரியாக இருப்பது, பெரிய நோக்கத்தைக் காட்டி உற்சாகமூட்டுவது, சுயமாக யோசிக்க வைப்பது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பது. முதல் இரண்டையும் மேடையில் பேசிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். அதனால் பயிற்சிகளில் அவையே அதிகம் ஒலிக்கின்றன. உங்கள் மேசைக்கு வேண்டியவை பின்னிரண்டு. லேப் டிப்பில் "ஏன்?" என்று கேட்பது மூன்றாவது. நான்காவதுக்கு நீங்கள் ஐந்து பேரை 'ஜூனியர்ஸ்' என்று ஒரே கட்டாகப் பார்ப்பதை விட வேண்டும்.

ஐந்து பேரின் பயமும் ஒன்றாக இருக்காது. ஒருவனுக்கு ஜிஎஸ்எம் (துணியின் எடை), ஷ்ரிங்கேஜ் (துணி சுருங்கும் அளவு) எல்லாம் அத்துப்படி, ஆங்கிலத்தில் வாய் திறக்கத்தான் கூச்சம். இன்னொருத்திக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு, பயர் அனுப்பும் ஆடை விவரக் குறிப்பான டெக் பேக்கில் ஓர் அளவு புரியவில்லை என்று கேட்கத்தான் வெட்கம். இருவருக்கும் "தைரியமா பேசு" என்ற ஒரே மருந்தா? ஆங்கிலக் கூச்சம் உள்ளவனிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: ஜெர்மனியிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பேசும் பல பயர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை, அளவும் தேதியும் சரியா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஒரு பின்னலாடை நிறுவனத்தில் நான் நேரில் பார்த்த ஒரு வீடியோ காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அளவு பார்க்கத் தைத்த ஃபிட் சாம்பிளைப் பற்றி பயரோடு பேச்சு. பேச வேண்டியவள் புதிதாகச் சேர்ந்த பெண். அவளுடைய சீனியர் அதற்கு முன்னால் அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்தார். "என்ன சொல்லப் போறே, முதல்ல தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னாள். தெளிவாகவே சொன்னாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்ல வைத்தார். கால் தொடங்கியதும் சீனியர் தன் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாதியில் பயர் மார்பளவைப் பற்றி ஏதோ கேட்க, பெண் திணறினாள். அந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் மைக்கைப் போட்டுவிடுவோம். அவர் போடவில்லை. அளவுப் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தி, அந்த வரியில் விரலை வைத்தார். அவள் பார்த்தாள், "அரை சென்டிமீட்டர் கூடுதல், பிபி சாம்பிளில் (உற்பத்திக்கு முன் அனுப்பும் மாதிரியில்) சரிசெய்து அனுப்புகிறோம்" என்று தட்டுத்தடுமாறி முடித்தாள். பயர் "ஓகே" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வழிகாட்டுவது என்றால் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது. தமிழில் ஒத்திகை பார்த்ததால் அவள் படபடப்பு பாதி அடங்கியிருந்தது. பந்துரா சொன்ன நான்காவது வழி அதுதான்.

இரண்டாவது வழியைத்தான் நம் ஆபீஸ்களில் யாரும் கண்டுகொள்வதில்லை. உங்களைப் பார்த்து அவர்களுக்கு நம்பிக்கை வராது. நீங்கள் எட்டாத உயரத்தில் இருக்கிறீர்கள். இரண்டு மூன்று வருடம் முன்னால் சேர்ந்த, அவர்களைப் போலவே பயந்து நடுங்கி இப்போது தேறிவிட்ட ஒருவரைப் பார்த்தால்தான் வரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பிறகும் அறுவை சிகிச்சையைப் பழகிக்கொண்டவர் அவர். அங்கே பார்வை சோதிப்பது, அறுவை அரங்கில் அடுத்த நோயாளியைத் தயார் செய்வது, பயந்து வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வது போன்ற வேலைகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். இரண்டு வருடப் பயிற்சி. சுற்றிலும் வேலை செய்கிற மூத்த சிஸ்டர்களும் அவர்களைப் போலவே ஏதோ ஒரு கிராமத்திலிருந்து அப்படி வந்தவர்கள்தான். 'இந்த அக்காவுக்கு வந்தது எனக்கு வராதா' என்ற எண்ணத்தை எந்த மேடைப் பேச்சும் தராது. உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஓர் அக்காவோ அண்ணனோ இருப்பார். அவரை ஒவ்வொரு ஜூனியருக்கும் துணை வையுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள்தான் அப்ரைசல் எழுதுகிறவர். "எனக்கு இது தெரியாது" என்று உங்களிடம் ஒத்துக்கொள்வது அவர்களுக்குக் கஷ்டம். மென்டரிங் பற்றி 1985ல் புத்தகம் எழுதிய கேத்தி கிராம், வழிகாட்டி செய்கிற வேலையை இரண்டாகப் பிரித்தார். கற்றுக்கொடுப்பது, சவாலான வேலையை வாங்கித் தருவது, பெரியவர்கள் கண்ணில் படச் செய்வது, அடிபடாமல் காப்பது ஒரு பக்கம். மனம் விட்டுப் பேசத் தோழமையாக இருப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை மேனேஜரிடம் முழுசாக எதிர்பார்க்க முடியாது, அதை அந்த அக்காவிடம் விடுங்கள். முதலாவதை வேறு யாரும் செய்ய முடியாது, அது உங்களுடையது. குறிப்பாக அடிபடாமல் காப்பது. ஜூனியர் செய்த தப்புக்கு முதலாளி சத்தம் போடும்போது "நான்தான் அனுமதிச்சேன் சார்" என்று சொல்லிவிட்டு, பிறகு தனியாக அவளோடு உட்கார்ந்து எங்கே பிசகியது என்று பாருங்கள். நிறுவனத்தில் தப்புக்குச் சம்பளம் பிடிக்கிற வழக்கம் இருந்தால், முதலில் முதலாளியிடம் பேசி அதை நிறுத்தப் பாருங்கள். இல்லாவிட்டால் நான் சொன்ன எதுவும் பலிக்காது. 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கிற குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லை, அதனால் பதிவானது. பயம் இருக்கும் இடத்தில் தப்பு குறைவதில்லை, ஒளிந்துகொள்கிறது. திருப்பூரில் ஒளிந்த தப்பு பேக்கிங்கின்போதுதான் வெளியே வரும்.

பாராட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "சூப்பர்", "குட் ஜாப்" எல்லாம் காதில் நிற்காது. "கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி தனியா சாயமாகி வந்தா நிறம் வித்தியாசப்படும்னு நீ முன்கூட்டியே சொன்னே பாரு, அது நல்ல கவனிப்பு" என்றால் நிற்கும்.

இவர்களால் முடியாதோ என்று தோன்றுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்த நினைப்பு அவர்களுக்குத் தெரிந்துவிடும். 1982ல் வெளியான ஓர் ஆய்வில், இஸ்ரேல் ராணுவத்தில் பயிற்றுநர்களிடம் சில வீரர்களைக் காட்டி 'இவர்கள் திறமை மிகுந்தவர்கள்' என்றார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குருட்டாம்போக்கில் பொறுக்கியவை. பயிற்சி முடிவில் அந்த வீரர்களே மேலே வந்திருந்தார்கள். பயிற்றுநரின் எதிர்பார்ப்பு அவர் பார்வையிலும் பொறுமையிலும் கொடுத்த வேலையிலும் கலந்துவிட்டது. உங்கள் ஐந்து பேரிடமும் நீங்கள் பொறுமையை எங்கே இழக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

வேலையை விடப் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். "சரிப்பட்டு வராது" என்று கெட்டிக்காரர்கள் சும்மா சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு சம்பவம் இருக்கும். மற்றவர்கள் இல்லாத நேரத்தில், டீ சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், "என்னைக்கு உனக்கு இப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். அவள் சொல்கிற சம்பவத்தில் நீங்களும் இருக்கலாம். இருந்தால் விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அவளுக்கு ஒரு சின்ன ஆர்டரை முழுசாகக் கொடுங்கள். ஒரே ஸ்டைல், இரண்டு நிறம், பழகிய பயர். லேப் டிப்பிலிருந்து பெட்டி கட்டி அனுப்புவது வரை அவள் பொறுப்பு. எந்த வேலை எந்தத் தேதியில் என்று குறிக்கும் டி அண்ட் ஏ காலண்டரை அவளே போடட்டும், டையிங் மாஸ்டரிடம் அவளே பேசட்டும். மெயில் அவள் ஐடியிலிருந்து போகட்டும், உங்கள் பெயர் சிசியில் இருந்தால் போதும். ஆர்டர் அவளுடையது என்று பயருக்கு முதல் மெயிலிலேயே நீங்கள் எழுதிவிடுங்கள். அப்புறம் அவர் உங்களைக் கூப்பிட்டாலும் அவளிடமே அனுப்புங்கள். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் அவளோடு உட்காருங்கள், அதற்கு நடுவே அவளாகக் கேட்டால் மட்டும் போங்கள்.

அந்த ஆர்டர் கிளம்பிய பிறகும் அவள் போக வேண்டும் என்றால், நல்ல அனுபவக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவையுங்கள். ஆனால் ராஜினாமாவை இப்போதே வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்த ஷிப்மென்ட் வரை பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள்.