பித்தநாளப் புற்றுநோய்: கேட்டீங்க, சொல்றேன்

(பாளையங்கோட்டையில் திசுப் பரிசோதனை பார்க்கும் டாக்டர் நான். வந்த கேள்விகளில் சில, கேட்டவர் ஊர் பேரோடு. பித்தநாளம் என்பது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய்.)

ஆலங்குளம்: அண்ணாச்சி, அம்மா பயாப்சி ரிப்போர்ட்டில் ஐடிஹெச்1 மியூட்டேஷன், எபிஜெனெடிக் மாற்றம்னு போட்டிருக்கு. பரம்பரையா? எனக்கும் வருமா?

பரம்பரை இல்லம்மா. அது கட்டிக்குள்ளே மட்டும் நடந்தது, உனக்கு இறங்காது. எபிஜெனெடிக் என்பது மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் வேலை நின்றுபோவது. புத்தகத்தில் எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு, பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிட்டா எப்படிப் படிக்க? அந்தப் பசைதான் மெத்தில் குறி. செல் பெருக்கத்தை அடக்கும் பி16 மரபணு இந்த நோயில் அடிக்கடி இப்படி ஒட்டிப்போகும். ஐடிஹெச்1 என்ற மரபணு கெட்டால் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருள் செல்லில் குவியும். மெத்தில் குறியைக் கழற்ற வேண்டிய டெட் என்சைம்களை அது முடக்கிவிடும், குறிகள் ஏறிக்கொண்டே போகும். கல்லீரலுக்குள் ஓடும் நாளத்தில் வரும் வகையில்தான் இந்த ஐடிஹெச்1 கோளாறைப் பார்க்கிறோம்; வெளி நாளத்தில் அபூர்வம்.

மேலப்பாளையம்: அதுக்கு மாத்திரை உண்டா?

ஐடிஹெச்1 கெட்டவர்களுக்கு ஐவோசிடெனிப் உண்டு. கீமோ எடுத்தும் நோய் கேட்காதவர்களுக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஆய்வில் நோய் முற்றாமல் நின்ற காலம், நடுக்கணக்கில் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 2.7 மாதம், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.4. வயலை விக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்க.

அம்பாசமுத்திரம்: ஆத்துமீன் தின்னா வருமாமே?

அது வடகிழக்குத் தாய்லாந்துக் கதை. அங்கே வேகவைக்காமல் தின்னும் மீனில் வரும் கல்லீரல் புழு பித்தநாளத்தில் வருஷக்கணக்கில் கிடந்து புண்ணாக்கும். அந்தக் கட்டிகளில் மெத்தில் குறி மிக அதிகம். நாம கெண்டையைப் புளி ஊத்திக் கொதிக்க வச்சுல்லா திங்கோம்!

சங்கரன்கோவில்: மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி போதும்னு மாமா சொல்லுதாங்க.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். அடைபட்ட நாளத்தைக் கீழாநெல்லி திறக்காது. மலம் வெளுத்து, மூத்திரம் கறுத்து, ராத்திரி தூங்கவிடாமல் அரிச்சா அடைப்புன்னு சந்தேகப்படணும். கல்லாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மோரில் அரைச்சுக் குடுத்து ஒரு மாசம் போக்காம, இந்த வாரமே ஸ்கேனும், ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவும் பாருங்க. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கே போகலாம்.

வள்ளியூர்: ஜீன் டெஸ்டுக்குத் திரும்பவும் ஊசி குத்தணுமா?

பெரும்பாலும் வேண்டாம். பயாப்சி செய்த லேபில் உங்க நம்பர் எழுதிய சின்ன பிளாஸ்டிக் கேசட்டில், மெழுகில் பதிச்ச திசு இருக்கும். பிளாக்னு கேட்டா எடுத்துத் தருவாங்க. திசு பத்தலைன்னாதான் மறுபடி ஊசி. அனுப்பும்போது எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற இன்னொரு மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க, அதுக்கும் மருந்து இருக்கு. வெயிலில் வண்டிப் பெட்டியில் போட்டுட்டு டீ குடிக்கப் போயிராதீங்க, மெழுகு இளகிரும்.