அப்பா எங்கே என்றே தெரியவில்லை. ஃபாஃப்ஸா (அமெரிக்கக் கல்லூரிப் படிப்புக்கான மத்திய அரசு நிதியுதவி விண்ணப்பம்) படிவத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: வயது 18. நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகள் நான். எனக்குப் பத்து வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா ஊருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். எட்டு வருடமாக ஒரு போன்கூட இல்லை. எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. இங்கே பெரியம்மாதான் வளர்க்கிறார். கல்லூரி உதவித்தொகைக்குப் பெரியம்மாவையே பெற்றோராகக் காட்டிவிடலாமா? பெற்றோர் வருமானத்தைப் பார்க்காத 'தனி மாணவி' என்று விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: பெரியம்மாவின் பெயரைப் பெற்றோர் இடத்தில் போடாதீர்கள். அங்கே பெற்றவர் அல்லது சட்டப்படி தத்தெடுத்தவர் பெயர்தான் வரலாம். எட்டு வருடம் சோறு போட்டு வளர்த்தவரைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லையே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் தெரிந்தே பொய்த் தகவல் தந்து உதவித்தொகை வாங்கினால் 20,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

சரி, தனி மாணவியாக? அதற்கான தகுதிகளில் 24 வயது, திருமணம், ராணுவப் பணி, சொந்தக் குழந்தை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. தாய், தந்தை இருவரும் இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. பெரியம்மா பள்ளிப் படிவங்களில் 'கார்டியன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பார். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அது செல்லாது. 18 முடிந்துவிட்டதால் இனி அந்த உத்தரவு வாங்கவும் வழியில்லை.

இருந்தாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. அசாதாரணச் சூழ்நிலையால் பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியவில்லையா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். அதற்கு 'ஆம்' என்று சொல்லுங்கள். அப்பாவின் கையெழுத்தும் வருமானக் கணக்கும் இல்லாமலேயே, தற்காலிகமாகத் தனி மாணவி என்ற நிலையில் படிவம் ஏற்கப்படும். 2024-25 கல்வியாண்டிலிருந்து இருக்கும் வசதி இது. பெரியம்மாவின் சம்பளமும் வீடும் கணக்கில் வராது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பெற்றோர் தகவல் தர மறுக்கிறார்களா, மானியமில்லாக் கடனுக்கு (படிக்கும்போதே வட்டி ஏறும் கடன்) மட்டும் விண்ணப்பிக்கிறீர்களா என்று இன்னொரு கேள்வியும் உண்டு. கேட்க ஒன்றுபோல இருக்கும். அதற்கு 'ஆம்' என்றால் முதலாண்டில் அதிகபட்சம் 5,500 டாலர் கடன்தான் கிடைக்கும். 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர் வரை தரும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் உதவித்தொகைக்கு வழியே இல்லாமல் போய்விடும். பணம் தர மறுக்கும் பெற்றோர் வேறு, எங்கே என்றே தெரியாத தந்தை வேறு. உங்கள் வழக்கு இரண்டாவது.

அப்புறம், இறுதி முடிவு நீங்கள் சேரும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தின் கையில். இப்படி வரும் விண்ணப்பங்களை மொத்தமாக மறுப்பது என்று எந்தக் கல்லூரியும் கொள்கை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவர் கதையையும் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அவர்கள் மறுத்துவிட்டால் மத்தியக் கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது. அதனால் ஆவணங்களில் அலட்சியம் வேண்டாம்: அம்மாவின் இறப்புச் சான்றிதழ், பெரியம்மா முகவரியிலேயே நீங்கள் இருந்ததைக் காட்டும் மருத்துவக் காப்பீடு அல்லது பள்ளிப் பதிவுகள், பெரியம்மாவின் கடிதம், அதைவிட முக்கியமாகக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் கடிதம். வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்ல நம் வீடுகளில் கூசுவார்கள். இந்த ஒரு முறை சொல்லிவிடுங்கள். ஒரு தடவை ஏற்றுக்கொண்டால், நிலைமை மாறாதவரை அதே கல்லூரியில் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் அந்த முடிவு தொடரும்.

தனியார் கல்லூரிகள் சொந்த நிதியிலிருந்து தரும் உதவிக்கு வேறு விதி வைத்திருக்கலாம். அதைத் தனியாகக் கேளுங்கள்.

உங்களை நன்கு தெரிந்த பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே கடிதம் கேளுங்கள். அப்பாவோடு எந்த ஆண்டிலிருந்து தொடர்பில்லை என்பது அதில் இருக்கட்டும். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அவரைப் பிடிப்பது கஷ்டம்.