வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ணைப் பார்த்து ஆயில் பெயின்டிங் பழக: கேள்வி பதில்

முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணா, அக்ரிலிக் பழகியாச்சு. ஆயில் கத்துக்க எந்தப் பழைய ஓவியத்தை எடுக்கலாம்?

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’. ஒரே ஆள், ஒரே சன்னல், வெறும் சுவர். அசலே 45.5 × 41 செ.மீ.தான், 18 × 16 அங்குல கான்வாஸ் எடுத்தால் ஏறக்குறைய அதே அளவு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் நல்ல தெளிவான படத்தை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மேட் தாளில் பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள். போன் திரையைப் பார்த்து வரைந்தால் வெளிச்சம் கூடிக் குறைந்து நிறம் ஏமாற்றும். 2 அங்குலக் கட்டம் போட்டால் அகலத்தில் 8, உயரத்தில் 9 வரும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: முகம் எப்பவும் சேறு மாதிரி ஆயிடுதுங்க சார். ஆளும் சுவரோட ஒட்டிக்கிட்டுத் தெரியுது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நிறத்துக்கு முன்னால் வெளிச்சத்தையும் இருட்டையும் தீர்த்துவிடுவது. டர்பென்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பரால் (கரும்பழுப்பு வண்ணம்) மட்டும் முழுப் படத்தையும் போடுங்கள். அது கையில் ஒட்டாமல் காய்ந்த பிறகே நிறம். ஈர அம்பர் மேலே வரும் வெள்ளையில் கலப்பதுதான் சேற்றுக்குப் பாதிக் காரணம். மீதி, நிழலில் வெள்ளை சேர்ப்பது. வெளிச்சத் தோலுக்கு டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), குண்டூசித்தலை அளவு காட்மியம் சிவப்பு. நிழலுக்கு அம்பரும் ஓக்கரும் போதும். பிரஷ்ஷும் வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. வைத்த வண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள்.

இனி சுவர். அதில் வெர்மீர் செய்திருப்பதைக் கவனியுங்கள்: சன்னலை ஒட்டிய இடப்பக்கச் சுவர் மங்கல், வலப்பக்கம் பளிச். பெண்ணின் வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் மங்கல் சுவர், நிழல் பக்கத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். அதனால்தான் அவள் சுவரைவிட்டு முன்னால் வந்து நிற்கிறாள். வலப்பக்க உருவக்கோட்டை ஒட்டி மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்றும் இழுத்திருக்கிறார். பிரின்டைப் பெரிதாக்கினால் தெரியும். அந்தச் சுவரில் ஜாடி மாட்டும் பலகை ஒன்றை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அழித்திருக்கிறார் என்று 2022இல் கண்டுபிடித்தார்கள். அவரே எடுத்த இடத்தில் நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம்.

லாஸ்பேட்டையிலிருந்து: அந்தப் பெண்ணோட மஞ்சள் மேல்சட்டை நிழல்ல பச்சையடிக்குது. மேசை ரொட்டி மேல மின்னுற வெளிச்சப் புள்ளிகளை எப்போ வைக்கணும்?

நிழலுக்குக் கறுப்பு கலந்திருப்பீர்கள். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சைதான். ஓக்கரும் அம்பரும் போடுங்கள். வெர்மீர் ஈய-வெள்ளீய மஞ்சள் என்ற பழைய வண்ணம் வைத்த இடத்துக்கு காட்மியம் லெமனும் வெள்ளையும் சரியாக வரும். ரொட்டிப் புள்ளிகள் கடைசி வேலை: கீழ் அடுக்கு காய்ந்ததும், எண்ணெய் சேர்க்காத கெட்டி வண்ணத்தைப் பிரஷ் நுனியில் எடுத்துத் தொட்டு வையுங்கள். புதுச்சேரி பேக்கரியில் முறுகலான ரொட்டி ஒன்று வாங்கிச் சன்னலோரம் வைத்துப் பார்த்தால் எந்த மேட்டில் ஒளி விழுகிறது என்று புரியும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ஐப்பசி மழையில காயவே மாட்டேங்குது. தேங்காய் எண்ணெய் கலக்கலாமாண்ணா?

கூடவே கூடாது, அது எந்நாளும் காயாது. ஆளிவிதை எண்ணெய் மட்டும்தான். முதல் அடுக்கில் டர்பென்டைன் மட்டும், இரண்டாவதில் எண்ணெய் 1 பங்கு, டர்பென்டைன் 3 பங்கு, கடைசியில் சரிபாதி. தலைகீழாகப் போட்டால் மேல் அடுக்கு முதலில் இறுகி வெடிக்கும். ஆயில் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் பெட்டிக்குள் வைக்காமல் வெளிச்சமான அறையில் லேசான காற்றோட்டத்தில் வையுங்கள். ஈரத்தில் கான்வாஸ் தொய்ந்தால் பின்பக்க மூலை ஆப்புகளை மெல்லத் தட்டுங்கள். பூஞ்சை வராமலிருக்க சுவரைவிட்டு இரண்டு விரல் தள்ளி மாட்டுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தனித்தனியாக விரித்து வெளியில் காயவிடுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: வார்னிஷ் எப்போ? விற்கலாமா?

வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு. தடித்த இடம் இருந்தால் ஒரு வருடம். வெர்மீர் 1675இல் இறந்தவர், ஆகவே விற்கத் தடையில்லை. பின்பக்கம் ‘நகல்’ என்று எழுதி உங்கள் பெயரும் ஆண்டும் போடுங்கள். அவர் கையெழுத்தை மட்டும் எங்கும் போடக்கூடாது.