திகில் கேம் செய்வோர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டார் கல்யாணத்துக்குப் போய்விட, ஓட்டு வீட்டில் ராத்திரி தனியாக இருக்கும் பெண்ணை வைத்து கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் 15 நிமிட கேம் செய்திருக்கிறேன். கதவைத் திறந்தால் உருவம் பாயும். விளையாடிப் பார்த்தவங்க சிரிக்கறாங்களுங்க. எங்கே தப்பு?
– வாசகி, சோமனூர்

பதில்: உங்கள் வீடு முதல் நிமிடத்திலிருந்தே நிசப்தமாக இருக்கிறதல்லவா, அங்கேதான். கதவுக்குப் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

சோமனூரில் இருந்துகொண்டு விசைத்தறிச் சத்தத்தைச் சேர்க்காமல் விடலாமா? தறி ஓடும் குடோனுக்குள் நின்று பதிந்தால் போன் மைக்கில் பிசிறடிக்கும். வீட்டு ஜன்னலோரம் போனை வைத்து 2 நிமிடம் பதியுங்கள். கேமில் கேட்க வேண்டியதும் அந்தத் தொலைவுதான். ஓஜிஜி என்ற ஒலிக் கோப்பு வகையில் சேமியுங்கள். எம்பி3 முனைகளில் துளி மௌனத்தைச் சேர்ப்பதால், லூப் (ஓயாமல் திரும்ப ஓடும் ஒலி) திரும்பும் இடம் துண்டாகத் தெரியும்.

இந்தச் சத்தம் 4 நிமிடமாவது ஓடட்டும். காது அதை மறந்துவிடும். பிறகு கரண்ட்டை நிறுத்துங்கள். எல்லாத் தறியும் ஒரே நொடியில் நிற்காது. அதே லூப்பை கோடோவில் ஒலியை ஓட்டும் பிளேயர் மூன்றில் வெவ்வேறு இடத்திலிருந்து ஓடவிட்டு, 0.3 நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். அடுத்த 8 நொடி எதுவும் வேண்டாம். அதன்பின் ஆசாரத்து (கூடத்து) பக்கம் தாழ்ப்பாள் நகரும் சத்தம், ஒரே ஒரு தரம். உருவமே தேவைப்படாமல் போகலாம். காலடிச் சத்தம் வைப்பதானால் ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஐந்தாறு பதிவுகளை ஆடியோஸ்ட்ரீம்ரேண்டமைசரில் (பதிவுகளை மாற்றி மாற்றி ஓட்டும் கோடோ வசதி) போட்டு, பிட்ச் எனும் சுருதியைக் கொஞ்சம் மாறவிடுங்கள்.

கேள்வி: 4 ஜிபி லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எல்லா அறையிலும் லைட் போட்டால் திணறுகிறது.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கோடோவில் படத்தை வரையும் ரெண்டரரை, சாதாரணக் கருவிக்கான 'கம்பேட்டிபிலிட்டி'க்கு மாற்றுங்கள். நிழல் விழும் விளக்கு ஒன்றே ஒன்று, கையில் இருக்கும் டார்ச் மட்டும் போதும். மற்ற விளக்குகளுக்கு 'ஷேடோ'வை அணைத்துவிடுங்கள். அமைப்புகளில் வியூபோர்ட் (கேம் வரையும் பட அளவு) 480×270, ஸ்ட்ரெச் மோட் (அதைத் திரைக்குப் பெரிதாக்கும் முறை) 'வியூபோர்ட்', பொருளின் மேற்பரப்பான மெட்டீரியலில் ஃபில்டர் 'நியரஸ்ட்' என்று வையுங்கள். 1920×1080 திரையில் சரியாக நான்கு மடங்காகப் பெரிதாகும். பழைய பிளேஸ்டேஷன் மாதிரி கட்டம் கட்டமான தோற்றம் வரும். திகிலுக்கு அது லாபம்தான்.

கேள்வி: சுவருக்கு அப்பால் பேசுவது மங்கலாகக் கேட்க, கீச்சொலிகளை வடிகட்டும் லோ–பாஸ் எஃபெக்ட்டை கோடோவில் போட்டேன். கம்ப்யூட்டரில் சரி, பிரவுசரில் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கிறது.
– வாசகர், பெருந்துறை

பதில்: கோடோ 4.3 முதல் வெப் எக்ஸ்போர்ட்டில் (பிரவுசரில் ஓடும் வடிவத்தில்) ஒலி, தனியாக அமைக்காவிட்டால், 'சாம்பிள்' முறையில் ஓடுகிறது. அதில் ஆடியோ பஸ் எனும் ஒலிப் பாதையில் போட்ட எஃபெக்ட் வேலை செய்யாது. பிளேயரின் பிளேபேக் டைப்பை 'ஸ்ட்ரீம்' என்று மாற்றலாம், ஆனால் சக்தி குறைந்த கருவியில் ஒலி வெட்டும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் சுமார் 700 ஹெர்ட்ஸுக்கு லோ–பாஸ் போட்டுத் தனிக் கோப்பாக எடுத்துவிட்டால் தொல்லை விட்டது. இன்னொன்று: ஆள் கிளிக் செய்யும்வரை பிரவுசர் ஒலியை விடாது. முதல் திரையில் 'தொடங்கு' பொத்தான் கட்டாயம்.

கேள்வி: 15 நிமிடம் போன்ற சின்ன கேமை, கேம் விற்கும் தளமான ஸ்டீமில் விற்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால்தான் அது திரும்பும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதாவது உங்கள் கேமை முழுசாக முடித்துவிட்டும் கேட்கலாம். சிறு கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதையும் நீங்களே வைக்கலாம். முதல் கேமுக்கு அதுதான் சரி. 2021-ல் ஸ்டீமில் வந்த 'ஃபியர்ஸ் டு ஃபாதம்' வரிசையின் முதல் பாகம் வீட்டில் தனியாக இருக்கும் பையன் கதைதான். அதை இலவசமாக விட்டார்கள், பின்னால் வந்த பாகங்களுக்குத்தான் விலை வைத்தார்கள்.